ஆளில்லாத இடத்தில் எரிந்த பல்ப்

நீங்கள் எழுதியது பொய்.

கொழும்பில் வானம் பார்ப்பவர்களுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகை நடத்துகிற ஐயாவுக்குத்தான் சொல்கிறேன். உங்கள் பெயரை இங்கே போடவில்லை. வாசித்தால் உங்களுக்கே தெரியும். நான் எடுத்த படத்தின் கீழே இரண்டு வரி எழுதினீர்கள். ஆள் நடமாட்டமே இல்லாத வடமேற்கின் வெள்ளாங்குளத்துக் கரையில், மனித வெளிச்சம் எதுவும் தீண்டாத இருளில் எடுத்தது என்று. நான் உங்களுக்கு அப்படி எழுதித் தரவில்லை. அந்த இடத்தில் ஓர் ஆள் இருந்தார். வெளிச்சமும் இருந்தது, நூறு வாட் பல்ப். இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் திரும்பி வருவேன்.

சண்டை முடிந்து மூன்றாவது வருடம், புரட்டாசிக் கடைசி. இடம், வெள்ளாங்குளத்துக்குக் கொஞ்சம் இங்கால் பெரிய ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு மண் பாதை.

எனக்கு முருங்கனில் ஒரு சின்னப் படப்பிடிப்பு ஸ்டூடியோ. மீள்குடியேறி வந்த சனத்துக்கு எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் படம் தேவைப்பட்டது. அடையாள அட்டைக்குப் படம், பதிவுக்குப் படம், உதவிப் பட்டியலுக்குப் படம். காது தெரிய முடியை ஒதுக்குங்கோ, சிரிக்காதேங்கோ, நேரே பாருங்கோ. இதைத் தவிர வேறு எதுவும் பேசாமல் நான் கழித்த நாட்கள் உண்டு.

வானத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது பெரிய கதை இல்லை. ஒரு கலியாண வீட்டுப் படம் எடுத்துவிட்டு வரும்போது பாப்பாமோட்டைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் முடிந்துவிட்டது. பெற்றோல் வரும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் கமராவை மதகுக் கட்டில் மல்லாக்க வைத்து முப்பது செக்கன் திறந்து விட்டேன். என் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம் எல்லாம் அதில் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் பிடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது. பிடிவாதம் எனக்குப் பிறவிக் குணம்.

நான் பிடிக்க நினைத்தது கும்ப ராசிப் பக்கம் இருக்கிற ஒரு நெபுலா. சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்று வயது முடிந்து தன் மேல்தோலைக் காற்றாய் ஊதிவிட்டு, நடுவில் சின்னப் புள்ளியாய்ச் சுருங்கிப் போயிருக்கிறது. ஊதிவிட்ட காற்று வளையமாய்ப் பரவி நிற்கிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பைனாகுலரில் பார்த்தால் கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு படலம், அதுவும் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. பழைய காலத்தில் இப்படிப்பட்டவற்றைச் சின்னத் தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு அவை கிரகம் போலத் தெரிந்ததாம். கோள்வடிவ நெபுலா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிரகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் பிழை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இன்றுவரை மாற்றவில்லை. ஒருமுறை பிழையாய் எழுதிவிட்டால் அது அப்படியே நிற்கும். இதை அப்போது ஒரு வேடிக்கையாய்த்தான் நினைத்தேன்.

இதற்கு இருட்டு வேண்டும். முருங்கனில் பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கடை வெளிச்சம். இதற்கு இன்னொன்றும் வேண்டும், வடக்குப் பக்கம் மறைப்பில்லாத வெட்டைவெளி. வானம் சுற்றும்போது கமராவும் சேர்ந்து சுற்ற வேண்டும். அதற்கு நான் இரண்டு பலகையைக் கதவுப் பிணைச்சலால் பூட்டி, நடுவில் ஒரு நீட்டுத் திருகாணி வைத்து ஒரு கருவி செய்திருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து அந்த ஆணியைக் கையால் திருக வேண்டும். பிணைச்சல் துருவ நட்சத்திரத்தை நேரே பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டி, பனை உயரத்தில்தான் நிற்கும். ஒரு பற்றைச் செடி மறைத்தாலும் கதை முடிந்தது.

வெள்ளாங்குளத்துப் பக்கம் வெட்டைக்குக் குறைவில்லை. ஆனால் பாதி இடத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். மிதிவெடி எடுத்து முடித்த இடம் அந்த மண் பாதையும் அதன் இரு பக்கமும்தான். சோழகக்காற்று அடிக்கிற வரைக்கும் கருவி ஆடும். ஐப்பசி மழை தொடங்கினால் தை வரைக்கும் வானம் கிடையாது. காற்று ஓய்ந்து மழை வராத அந்த ஒரு கிழமை, அதிலும் நிலவில்லாத நாலைந்து இரவு. அவ்வளவுதான் எனக்கு இருந்த அவகாசம்.

முதல் இரவு போய் எல்லாம் பூட்டி முடித்தால், தெற்கே நூறு யார், முந்நூறு அடி தூரத்தில் ஒரு பல்ப் எரிகிறது. நாலு கம்பு நட்டு மேலே வெள்ளைத் தறப்பாள் போட்ட கொட்டில். பல்ப் அதற்குள். தறப்பாள் முழுக்க வெளிச்சத்தைக் குடித்துப் பெரிய லாந்தர் மாதிரி நிற்கிறது. முதல் படத்தைப் பார்த்தேன். அரைவாசிக்கு மஞ்சள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் நிறையப் பேர் பகலில் வந்து தங்கள் காணியைத் துப்புரவாக்கிவிட்டுப் பொழுதுபடச் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். போகும்போது ஒரு கொட்டிலில் பல்ப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். இது எங்கட காணி, ஆள் இருக்கு என்று காட்ட. பல்ப் இருக்கும், ஆள் இருக்காது. இதுவும் அப்படி ஒன்று என்றுதான் முடிவு செய்தேன். கொட்டில் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் அதற்குப் பின்னால் பற்றை மறைவில் இன்னொரு சின்னக் கூடாரம் இருந்தது தெரிந்திருக்கும்.

ரோட்டோரத்து வீட்டிலிருந்து வேலிக் கதியால் கம்புகள் வழியாக வயர் இழுத்திருந்தார்கள். என் காலடியிலேயே ஒரு கதியாலில் பிளக் பூட்டித் தொங்கியது. கழற்றினேன். உலகம் இருண்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

இரண்டரை மணித்தியாலம் ஆணி திருகினேன். படுக்கப் போகுமுன் பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டேன். நான் திருடன் இல்லை. பாய் விரித்து மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் படுத்தேன்.

விடியப் புறத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டு எழும்பினேன். அழுகை இல்லை. யாரையோ எண்ணுகிற குரல். "பதினெட்டு, பத்தொம்பது" என்று போனது. எட்டிப் பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கொட்டிலுக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து அதில் செத்த கோழிக்குஞ்சுகளை வரிசையாய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

இருபத்தேழு குஞ்சு.

ஒரு கிழமை வயதுக் குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும். பல்ப் அதற்குத்தான். திடீரென்று இருண்டால் அவை பயந்து ஒரு மூலையில் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறும். அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் சாகும். கோழி வளர்க்கிற எந்த வீட்டிலும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். எனக்குத் தெரியவில்லை.

ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலில் எனக்கு வந்த எண்ணம் சத்தமில்லாமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவது. கருவியைக் கழற்றிக் கட்டியும் விட்டேன். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, ராத்திரி கரண்டு போச்சா? உங்க பக்கமும் போச்சா?"

மலையகத்துப் பேச்சு இன்னும் அவர் நாக்கை விட்டுப் போயிருக்கவில்லை. ஓம், கரண்ட் போனது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் மின்சாரக்காரரைத் திட்டியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.

"கரண்ட் போகேல்லை அக்கா. நான்தான் பிளக்கைக் கழட்டினனான்."

அவர் எழுந்து வந்தார். கையில் ஒரு செத்த குஞ்சு.

"ஏன்?"

"படம் எடுக்க. வெளிச்சம் இடைஞ்சலா இருந்தது. ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சன்."

"ஒருத்தரும் இல்லேன்னா அப்ப பல்பு யாருக்குய்யா எரியுது? பேய்க்கா?" சத்தம் போட்டுத்தான் கேட்டார். "ஒரு எட்டு வந்து பாத்தா காலு தேஞ்சிடுமா உனக்கு? நாய்கூட மோந்து பாத்துட்டுத்தான்யா காலத் தூக்கும்!"

நான் ஊரில் வாய்க்காரன் என்று பெயர் எடுத்தவன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

திட்டி முடித்து அவர் கதியால் அடியில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விசயத்தைச் சொன்னார். அந்தக் குஞ்சுகள் வாழ்வாதார உதவியில் கிடைத்தவை. அறுபது கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் வந்து பார்ப்பார்கள். குஞ்சு இல்லையென்றால் இங்கே ஆள் இருந்து வளர்க்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். அந்த எழுத்துக்குத்தான் அவர் பயந்தார்.

சிறுமியாக இருந்தபோது கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு அப்பா அம்மாவோடு இங்கே வந்தவர். அப்பா காடு வெட்டிய நிலம் இது. அந்தக் காலத்தில் யாரும் கடுதாசி கேட்கவில்லை, இவர்களும் வாங்கி வைக்கவில்லை. பிறகு இடம்பெயர்வு, கணவரின் சாவு, முகாம். மகள் வவுனியாவில் தையல் வேலை. இவர் தனியாகத் திரும்பி வந்து காணிப் பேர்மிட் கேட்டால், கந்தோரில் பைலைப் புரட்டிவிட்டு, அந்தப் பக்கம் காடு, ஆள் இருந்ததற்கு அத்தாட்சி இல்லை என்கிறார்கள். பேர்மிட் இல்லாததால் தனி மீட்டர் தர மாட்டார்கள். ரோட்டோர வீட்டுக்காரரிடம் கெஞ்சி வயர் இழுத்தது அதனால்தான்.

கூடாரத்துக்குள் போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். கிளினிக் அட்டை, மருந்துத் துண்டு, குஞ்சு வாங்கிய துண்டு, கடிதம் வந்த வெறும் உறை. அவர் இருக்கும் இடத்தின் பெயர் எழுதிய எந்தக் கடுதாசித் துண்டையும் அவர் எறியவில்லை.

"எல்லாத்தையும் பைல்ல போடச் சொல்றேன். வச்சிக்கிறாங்க, ஆனா போதாதுங்கிறாங்க."

நான் செத்த குஞ்சுகளுக்குப் பதில் குஞ்சு வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் என் பையைப் பார்த்தார்.

"அப்படி என்னத்தத்தான் படம் புடிச்சீங்க? காட்டுங்க பாப்பம். இருவத்தேழு உசுரு போயிருக்கு."

கமராவின் பின்பக்கத்தில் காட்டினேன். ஒற்றைப் படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இருட்டுக்கு நடுவில் ஒரு மங்கல் வளையம், அதற்குள் ஒரு புள்ளி. இன்னது என்று விளங்கப்படுத்தினேன். செத்துக்கொண்டிருக்கிற நட்சத்திரம், ஊதிவிட்ட காற்று. அவர் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"கோழிக் கண்ணு மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "இதுவும் செத்ததுதானா? நல்லாத் தேடித் தேடி எடுக்கிறீங்க, போங்க."

அவர் சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் கண் கலங்கியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு கேட்டார். "இம்புட்டுத் தூரத்துல இருக்கிறதப் புடிக்கிறீங்களே, என்னையப் புடிச்சுத் தர மாட்டீங்களா? நான் இங்கதான் இருக்கேன்னு."

அன்று காலை நான் அவருடைய காணியை முழுக்கப் படம் எடுத்தேன். கொட்டில், கூடாரம், கிணறு, அவருடைய அப்பா நட்ட புளியமரம், அதன் கீழே அவர். நேரே பாருங்கோ, சிரிக்காதேங்கோ என்று நான் சொல்லவில்லை. அவராகவே அப்படித்தான் நின்றார். கந்தோருக்குப் போகிற படம் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் முருங்கனிலிருந்து குஞ்சுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். அவருடையவை மஞ்சள். எனக்குக் கிடைத்தவை கபிலம். "உங்க புள்ளைங்க தனியாத் தெரியுதுங்க தம்பி" என்றார். பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். இனி அங்கே படம் எடுக்கிற முகம் எனக்கு இல்லை.

"எங்க போறீங்க? எடுத்து முடிச்சாச்சா?"

"இல்லை அக்கா. இன்னும் ரெண்டு இரவு வேணும். பரவாயில்லை, வாற வருசம் பாப்பம்."

"வாற வருசம் நான் இங்க இருக்கிறதே கடுதாசியப் பொறுத்து. இன்னைக்கே எடுங்க. பல்ப நான் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று சொல்கிறேன். குஞ்சுகளை எல்லாம் அரைவாசியாய் வெட்டிய தார்ப் பரல் பீப்பாய் ஒன்றுக்குள் விட்டார். பல்ப்பை அதற்குள் இறக்கித் தொங்கவிட்டார். மேலே தகரத்தைப் போட்டுச் சாக்கால் மூடினார். வெளிச்சம் ஒரு துளி வெளியே வரவில்லை. ஆனால் மூடி வைத்தால் உள்ளே சூடு கூடும், குஞ்சுகளுக்கு மூச்சு முட்டும். சாக்கு நழுவிப் பல்ப்பில் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் அவர் பக்கத்திலேயே முழித்திருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திறந்து மூட வேண்டும். திறக்கிற நேரம் நான் கமராவை மூடியிருக்க வேண்டும்.

நூறு யார் இருட்டுக்குக் குறுக்காக அந்த இரண்டு இரவும் நாங்கள் கத்திக்கொண்டே இருந்தோம்.

"தம்பீ, தொறக்கவா?"

"பொறுங்கோ அக்கா, பொறுங்கோ! இருவது செக்கன்!"

"குஞ்சு கத்துதுய்யா!"

"இப்ப திறவுங்கோ!"

கொட்டில் பளிச்சென்று எரியும். அவர் குனிந்து குஞ்சுகளைக் கையால் பரவிவிடுவது தெரியும். பிறகு, "மூடியாச்சு" என்று குரல் வரும். திரும்ப இருட்டு. நான் ஆணியைத் திருகத் தொடங்குவேன். ஒருமுறை ரோட்டில் ரோந்து போன ஆமிக்காரர் இந்தச் சத்தத்தைக் கேட்டு டோர்ச் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னுடைய பலகைக் கருவியை மூன்று தரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அக்கா அங்கிருந்தபடியே அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பைத்தியம், ஆனா கடிக்காதுன்னேன்."

நடுநடுவே கேட்பார். "அந்தச் செத்துப் போனவன் வந்துட்டானா?" வந்துகொண்டிருக்கிறான் அக்கா என்பேன். "மெதுவா வரட்டும். நாம எங்கயும் போகப்போறதில்ல" என்பார்.

இரண்டாம் இரவு முடிந்து நான்காம் நாள் மழை தொடங்கியது.

ஸ்டூடியோக் கணினியில் படங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாய் அடுக்கினேன். நூற்றெண்பது படம். முதல் இரவு எடுத்ததை நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் படம் இன்னும் துப்புரவாய் வந்திருக்கும். மனம் வரவில்லை. ஒவ்வொரு படம் சேரும்போதும் வளையம் கொஞ்சம் கொஞ்சமாய் எழும்பி வந்தது. நடுவில் நீலப் பச்சை, விளிம்பில் சிவப்பு, உள்ளே அந்தச் சின்னப் புள்ளி. கோழிக் கண்தான். எனக்கு இனி அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஐயா, அந்தப் படத்தைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். கூடவே இரண்டு பக்கக் கடிதம், தமிழில். நீங்கள் தமிழர், வாசிப்பீர்கள் என்று. இன்ன ஊர், இன்ன காணி, இந்தக் காணிக்காரி இரண்டு இரவு வெளிச்சத்தை மூடிப் பிடித்துத்தான் இது கிடைத்தது, அவருடைய பெயரையும் ஊரையும் படத்துக்குக் கீழே போட வேண்டும் என்று எழுதியிருந்தேன். நீங்கள் தொலைபேசியில் எடுத்து, நல்ல படம் தம்பி, கட்டாயம் போடுவோம் என்றீர்கள். அந்த நம்பிக்கையில் நான் அக்காவிடம் போய், உங்கட பேர் கொழும்புப் புத்தகத்தில் வரப்போகுது என்று சொல்லிவிட்டேன்.

சஞ்சிகை தபாலில் வந்தது. படம் முழுப் பக்கத்தில். இங்கேதான் என் இரண்டாவது பிழை. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வாசிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தேன். படம் எடுக்கிறவனுக்கு இருக்கிற நோய் அது. நிறம் சரியாய் வந்திருக்கிறதா, விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு பிரதி வந்தது. ஒன்றை அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் அந்தப் பக்கத்தை அளவாய்க் கத்தரித்து எடுத்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பொலித்தீன் பைக்குள் வைத்தார். அடுத்த கிழமை கந்தோரில் காணி விசாரணை. என்னையும் வரச் சொன்னார். நான் எடுத்த காணிப் படங்களோடு போனேன்.

காணிப் படங்களை அந்த உத்தியோகத்தர் ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். புளியமரத்தின் வயதைக்கூடக் கேட்டார். அக்கா கடைசியில் பெருமையாய் அந்தக் கத்தரித்த பக்கத்தை மேசையில் வைத்தார். "இதுல எம்பேரு இருக்குங்க ஐயா. எங்க காணில எடுத்தது."

அவர் வாசித்தார். ஒருமுறை வாசித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். திரும்ப வாசித்தார்.

"அம்மா, இதில உங்கட பேர் இல்லை. ஆளில்லாத இடம் எண்டெல்லோ போட்டிருக்கு. வெள்ளாங்குளத்துக் கரை, மனுசர் நடமாட்டம் இல்லாத இடம் எண்டு. நீங்களே கொண்டுவந்து தாறியள்."

நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்தினேன். அது பிழை, நான் எழுதிக் கொடுத்தது வேறு என்றேன். அவர் சொன்ன பதிலில் எனக்குக் குறை காண ஏதும் இல்லை. "தம்பி, நீங்கள் வாயாலை சொல்லுறியள். இது அச்சில இருக்கு. பைலுக்கு வந்த கடுதாசியை நான் எடுத்து எறிய ஏலாது. திருத்தம் ஒண்டு அச்சில கொண்டுவாங்கோ, அதையும் சேர்த்து வைக்கிறன். அதுவரைக்கும் இது நிக்கட்டும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் உங்களைத் தாறுமாறாய்த் திட்டிக்கொண்டிருந்தேன் ஐயா, மறைக்கவில்லை. அக்கா பஸ் தெரிந்ததும் சொன்னார்.

"அவரைப் போட்டு ஏன் திட்டுறீங்க. நீங்களும் அன்னைக்கு அப்படித்தான நினைச்சீங்க. ஆனா நீங்க தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க."

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். என்னால் அவரோடு ஏற முடியவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அன்று இரவே உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, அது ஒரு அழகுக்காக எழுதினது. வாசிக்கிற ஆக்களுக்கு அந்த இருட்டு மனசில வரவேணும். கோழிக்குஞ்சு, பல்ப் எண்டெல்லாம் போட்டால் படம் எடுபடாது" என்றீர்கள். திருத்தம் போடுங்கள் என்றேன். பார்ப்போம் என்றீர்கள். இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. உங்கள் சஞ்சிகையில் அதற்குப் பிறகு மூன்று இதழ் வந்துவிட்டது. மூன்றையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அட்டையிலிருந்து அட்டைவரை. இப்போது நான் வாசிக்கிறேன்.

குஞ்சு பார்க்க வந்தவர்கள் அறுபதையும் எண்ணிச் சரி போட்டுவிட்டார்கள். அவை இன்று கோழிகள். என்னுடைய கபிலங்கள்தான் கூட முட்டை போடுகின்றனவாம். அக்கா அந்தப் பல்ப்பை இப்போதும் எரிய விடுகிறார், குஞ்சுக்காக இல்லை. பைல் அந்தக் கந்தோரில் அப்படியே கிடக்கிறது, உங்கள் இரண்டு வரியும் அதற்குள் கிடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கிறேன் என்று திரிந்தவன் நான். நூறு யார் தூரத்தில் இருந்த ஒருவரைப் பார்க்காமல் போனேன். ஒவ்வொரு முறை கமராவைத் தூக்கும்போதும் சாக்கில் வரிசையாய்க் கிடந்த அந்தக் குஞ்சுகள் என் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. இப்போதெல்லாம் எந்த வெட்டைக்குப் போனாலும் முதலில் சுற்றி நடந்து, ஆர் இருக்கிறியள் என்று சத்தம் போட்டுக் கேட்ட பிறகுதான் கருவியை இறக்குகிறேன்.

நீங்களும் கேளுங்கள், ஐயா. தொலைபேசியில் எனக்குத் தனியாய்ச் சொல்ல வேண்டாம், அது பைலில் ஏறாது. அந்தக் காணியில் ஆள் இருந்தாரா, இல்லையா? உங்கள் சஞ்சிகையிலோ இந்தப் பத்திரிகையிலோ, உங்கள் பெயரைப் போட்டு, அவருடைய ஊரைப் போட்டு, எல்லாரும் வாசிக்க அச்சில் பதில் எழுதுங்கள். அக்கா கத்தரிக்கோலோடு இருக்கிறார்.